தண்ணீரை விட்ட மாப்பிள்ளை

தண்ணீர் வருகிறதா என்று தெரிந்துகொள்ளக் குழாயைத் திறந்து பார்ப்பது பழைய காலத்துப் பழக்கம். எங்கள் நகரத்தில் இப்போது அதற்கென்று ஒரு திரை இருக்கிறது. திரையில் ‘தண்ணீர் விடப்பட்டது’ என்று வந்தால் தண்ணீர் வந்துவிட்டது. குழாய் அதை ஒத்துக்கொள்ளாவிட்டால் அது குழாயின் கோளாறு.

சலவைக் கடைக்காரருக்கு இந்த முன்னேற்றம் பிடிபடவில்லை. ஒரு வாரமாக அவர் குழாயைத்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு முறையும் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. கடையின் பின்பக்கத் தொட்டிகளில் பிரசவ ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் சோப்போடு கிடந்தன. காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர் சோப்புப் போடுவதற்கே சரியாகப் போய்விட்டது. அலச ஒரு குடம்கூட மிச்சமில்லை. லாரிக்காரரோ தண்ணீர் தேடிப் போனவர் போனவர்தான். நுரை வற்றி, விரிப்புகள் விறைத்து, கடை முழுக்கப் புளித்த வாடை அடித்தது.

அன்று காலை ஆஸ்பத்திரியின் ஸ்டோர் அம்மா போன் செய்தார்.

“பிள்ளை பெத்தவங்க வெறும் மெத்தையில படுத்திருக்காங்க. என்னால கண்கொண்டு பாக்க முடியல. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள விரிப்பு வரலைன்னா வேற கடைக்குக் குடுத்துடுவேன். தப்பா நினைக்காதீங்க.”

அவர் தப்பாக நினைக்கவில்லை. மாத வரவைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். தெருக்காரர்கள் போடும் சட்டை பேண்ட்டெல்லாம் கடை வாடகைக்கே காணாது. ஆஸ்பத்திரி போனால் கடையும் போயிற்று.

“இப்படித் தலையில கைவச்சு உக்காந்தா ஆச்சா?” என்றாள் மனைவி. “தண்ணி ஆபீசுக்குப் போங்க. போய் சண்டை போடுங்க. எனக்கு அலசற தண்ணி மட்டும் கிடைச்சா போதும். காயவைக்க மிஷின் இருக்கு, தேய்க்க நான் இருக்கேன்.”

“சண்டை போட்டா காரியம் நடக்குமா?”

“போடாம ஒரு வாரம் இருந்தீங்களே, நடந்துச்சா?”

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாப்பிள்ளையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நகரத்து வேலைகளைப் பார்த்துக்கொள்ள நகர நிர்வாகம் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டை வாங்கியிருந்தது. அதற்குக் கை கால் கிடையாது. ஆகவே மென்பொருளில் சில கருவிகளைச் செய்து அதனிடம் கொடுத்தார்கள். தண்ணீருக்கு ஒன்று, தெருவிளக்குக்கு ஒன்று, குப்பை வண்டிக்கு ஒன்று. ஒவ்வொரு கருவியோடும் அது எதற்கு என்று ஒரு வரி விளக்கம் இருக்கும். ஏஜென்ட் அந்த வரியைப் படிக்கும், தனக்குப் புரிந்தபடி நடக்கும். குழாயையோ ஊரையோ அது கண்ணால் கண்டதில்லை, அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரிதான். வாங்கிய விலைக்கு அதை யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. எதைச் சொன்னாலும் பார்த்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அது தப்புச் செய்தாலும் நாம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதனால் அலுவலகங்களில் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வந்துவிட்டது.

தண்ணீர் அலுவலகத்து எழுத்தர் தன் முன்னால் இருந்த திரையை இந்தப் பக்கம் திருப்பினார்.

“விட்டாச்சே அண்ணே. நேத்தும் விட்டாச்சு, இன்னிக்குக் காலையிலகூட விட்டாச்சு. பாருங்க.”

திரையில் அப்படித்தான் இருந்தது. ‘தண்ணீரை விட்டாயிற்று.’

“குழாய் காஞ்சு கிடக்குங்க.”

“ஏன் குழாயைப் பாக்கறீங்க? அதைப் பாத்தா மனசுதான் கஷ்டப்படும்.”

“உங்க வீட்ல வருதா?”

எழுத்தர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வரலைதான். அதுக்காக மாப்பிள்ளை பொய் சொல்வாரா?”

“முன்னயெல்லாம் ஆள் வந்து கையால திறந்துவிடுவாங்களே?”

“அவங்களுக்கெல்லாம் வேற வேலை குடுத்தாச்சு. மாப்பிள்ளைக்கு விளக்கம் எழுதற வேலை.” எழுத்தர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “கருவியில குறைன்னா மன்றத்துல போய்ச் சொல்லுங்க. நாங்க ஒரு எழுத்தைத் தொட முடியாது.”

இப்படியாக அவர் விஷயத்தைக் கை கழுவினார். சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரில் அது அலுவலகங்களால் மட்டுமே முடிகிற காரியம்.

கருவி விளக்க மதிப்பீட்டு மன்றம், தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த கட்டடம். பிரதான குழாயிலிருந்து பிரியும் முதல் குழாய் அதற்குத்தான் போகிறது. ‘மன்றத்தின் தகுதிக்கு ஏற்ற குழாய்’ வேண்டும் என்று தலைவர் கேட்டு வாங்கியதால், ஓர் ஆள் தவழ்ந்து போகிற அகலத்தில் போட்டிருந்தார்கள். முற்றத்தில் அந்தக் குழாயின் பழைய கைச்சக்கரம், கழற்றப்படாமல் இருந்த இடத்திலேயே, பச்சை வர்ணம் பூசி, சுற்றிச் சங்கிலி கட்டி, காட்சிப்பொருளாக நின்றது. அடியில் ஒரு பித்தளைப் பலகை: ‘விளக்கமில்லாக் காலத்துக் கருவி. மனிதர்கள் இதைக் கையால் திருப்பியதாக நம்பப்படுகிறது. தொடாதீர்கள்.’

வாசலில் ஒரு பெண்மணி பரபரப்பாக நின்றிருந்தார். சட்டையில் ‘கண்ணிய உறுப்பினர்’ என்ற அட்டை தொங்கியது.

“நீங்க யாரு?”

“பெரிய ஆளெல்லாம் இல்லைங்க. சாதாரண ஆளு. ஒரு புகார்...”

“சாதாரண ஆளா! உள்ள வாங்க, வாங்க.”

மன்றத்தின் விதிப்படி ஒவ்வொரு கூட்டத்திலும் ‘சாதாரணர்’ ஒருவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆசனத்தில் வழக்கமாக அமர்பவர் ஓய்வுபெற்ற துணை ஆணையர். அன்று அவருக்கு ஜலதோஷம். ஆகவே சலவைக் கடைக்காரரின் சட்டையில் ‘சாதாரணர்’ என்று ஓர் அட்டையைக் குத்தி, மேடைமேல் மேசைக்கு அந்தக் கோடியில் உட்காரவைத்தார்கள். எல்லோர் முன்னாலும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலையணை உறையைக்கூட அதில் அலச முடியாது.

“என் புகார் என்னன்னா...” என்று ஆரம்பித்தார்.

“சாதாரணர் கடைசியிலதான் பேசணும்” என்றார் தலைவர். அவர் ஜிப்பா போட்ட பெரிய மனிதர். விளக்கம் எழுதுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தன் வாழ்நாளில் அவர் எந்தக் கருவியையும் தொட்டதில்லை, தொட்டால் நடுநிலை கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. எழுந்து நின்று வரவேற்புரை ஆற்றினார்.

“நண்பர்களே, இன்னிக்குக் கருவி குடுத்த கம்பெனியோட பெரிய அதிகாரி மதியம் வர்றார். வந்து கேடயம் குடுக்கறார். இந்தப் பெருமை நமக்குச் சும்மா வரல. போன வருஷம் என்ன நடந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. தெருவிளக்குக் கருவிக்கு ‘விளக்கை அணை’ன்னு எழுதி வச்சிருந்தாங்க. அணைன்னா என்ன? கட்டிப் பிடிக்கறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கா இல்லையா? நடுத்தெருவுல, கம்பத்தோட! நம்ம கண்ணிய உறுப்பினர் மட்டும் அன்னிக்கு எழுந்து நிக்கலைன்னா நாம வெளியில தலைகாட்ட முடியுமா? ‘விளக்குக்கு ஓய்வு கொடு’ன்னு மாத்தினோம். நூத்துக்கு அறுபத்தொண்ணு வாங்கின விளக்கம் தொண்ணூத்தி நாலு வாங்குச்சு.”

எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை ஊரிலுள்ள எல்லா விளக்குகளுக்கும் பணி ஓய்வு கொடுத்து, ஓய்வூதியம் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு கம்பத்துக்கும் நன்றி மடல் அனுப்பிவிட்டதையும், அன்றிலிருந்து ஊர் இருட்டில் கிடப்பதையும் யாரும் நினைவூட்டவில்லை. சலவைக் கடைக்காரர் மட்டும் போன மாதம் சாக்கடையில் கால் வைத்துச் சுளுக்கிக்கொண்ட கணுக்காலைத் தடவிக்கொண்டார். காரணம் இப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது மதிப்பீடு. முதலில் வந்த கருவி குழாயை அடைப்பது. மதிப்பெண் அலுவலர் அதன் விளக்கத்தை வாசித்தார். ஒரே ஒரு சொல்தான்.

“மூடு.”

கண்ணிய உறுப்பினர் காதைப் பொத்திக்கொண்டார்.

“எடுத்த எடுப்புல இப்படி ஒருத்தரைப் பாத்துச் சொல்லலாமா? அதுவும் மாப்பிள்ளையைப் பாத்து?”

“குழாயைத்தானே அம்மா மூடச் சொல்றாங்க?” என்றார் சலவைக் கடைக்காரர், தன்னையறியாமல்.

“எதைன்னு சொல்லலையே. நாம யாரையாவது மூடுன்னு சொன்னா எதை மூடச் சொல்றோம்?” அவர் முகம் சிவந்துவிட்டது. “நான் கண்ணியத்துக்குப் பூஜ்யம்தான் போடுவேன்.”

“‘மூடுங்கள்’னு வச்சா?” என்றார் மதிப்பெண் அலுவலர்.

“மரியாதையா திட்டின மாதிரி இருக்கும்” என்றார் தலைவர். ‘மூடு’ என்ற சொல் கண்ணியக் குறைவானது என்று தீர்மானம் போட்டு, மாற்றுச் சொல் தேட ஒரு துணைக்குழு அமைத்து, அதுவரை அந்தக் கருவியை மாப்பிள்ளை கையில் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. குழாயை மூட இனி ஊரில் எதுவும் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீரே வராதபோது அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை.

“அடுத்தது நமக்குக் கேடயம் வாங்கித் தர்ற விளக்கம், போன வாரம் மாத்தி எழுதினது” என்றார் தலைவர், கைகளைத் தேய்த்துக்கொண்டு.

மதிப்பெண் அலுவலர் தொண்டையைச் செருமினார். “தண்ணீரை விடு.”

“ஆகா” என்றார் தலைவர். “ரெண்டே சொல். இதுல எதை எடுக்க முடியும், எதைச் சேக்க முடியும்?”

“ஒரு சொல் சேத்தாலும் சுருக்கத்துல ஒரு மதிப்பெண் போயிடும்” என்று ஆமோதித்தார் அலுவலர். “சம்பந்தியைக் கேட்டுடலாங்களா?”

சம்பந்தி என்பது இன்னொரு ஏஜென்ட். மாப்பிள்ளையைச் செய்த அதே கம்பெனி செய்தது. கருவிகளின் விளக்கங்களைப் படித்து, புரிகிறதா என்று சொல்வது அதன் வேலை. ஒரே வீட்டுக்காரர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுப்பதில்லை. சம்பந்தியின் பதில் திரையில் வந்தது: ‘மிகத் தெளிவாகப் புரிந்தது. இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.’

“தொண்ணூத்தி ஏழு!” என்றார் அலுவலர்.

சலவைக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, என்ன புரிஞ்சுதுன்னு அதைக் கேட்டீங்களா?”

தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “என்ன புரிஞ்சுதுன்னு கேட்டா அது பரீட்சை ஆயிடும் தம்பி. இது மதிப்பீடு. புரிஞ்சுதான்னுதான் கேக்கணும்.”

“ஆனா தண்ணி வரலையே ஐயா. ஊர் முழுக்க வரல. பிரசவ ஆஸ்பத்திரி துணியெல்லாம் சோப்போட கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள அலசலைன்னா என் கடையை மூடிடணும்.”

“அந்தச் சொல்லைச் சொல்லாதீங்க” என்றார் கண்ணிய உறுப்பினர்.

“வரலைன்னு நீங்க சொல்றீங்க” என்றார் தலைவர். “மாப்பிள்ளை என்ன சொல்றார்னும் கேக்கணும் இல்லையா? அவரோட வார அறிக்கையைப் படிங்க.”

மதிப்பெண் அலுவலர் உருக்கமாக வாசித்தார்.

“‘விளக்கத்தில் கண்டபடி தண்ணீரை விட்டுவிட்டேன். ஆரம்பத்தில் சற்றுச் சிரமமாகத்தான் இருந்தது. வால்வைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது, எனக்குக் கை இல்லாவிட்டாலும். இப்போது பழகிவிட்டது. தண்ணீரின் நினைப்பே வருவதில்லை. இனி ஜென்மத்துக்கும் அதைத் தொடமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். எனக்கு வழிகாட்டிய மன்றத்துக்கு நன்றி.’”

கண்ணிய உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்ன ஒரு ஈடுபாடு!”

சலவைக் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். அவர் மனைவியின் தம்பி குடியை விட்ட வருடம், வீட்டுக்கு வந்து, சரியாக இதே வார்த்தைகளைத்தான் சொன்னான். கை பரபரப்பு உட்பட.

“ஐயா! என் மச்சான் தண்ணியை விட்டப்ப இப்படித்தான் பேசினான்! இது தண்ணியைத் திறந்து விடலைங்க. தண்ணியைக் கைவிட்டுடுச்சு! விட்டுடுச்சுங்க!”

“அதைத்தானே நாங்களும் சொல்றோம்? விட்டுடுச்சு.”

“அந்த விட்டுடுச்சு இல்லைங்க! இது வேற விட்டுடுச்சு!”

“எத்தனை விட்டுடுச்சுதான் இருக்கு?” என்று மதிப்பெண் அலுவலரைக் கேட்டார் தலைவர்.

“நம்ம அளவுகோல்ல ஒண்ணுதாங்க.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் மனதிலிருந்து பேசினார் என்பதைச் சொல்ல வேண்டும். அதனால்தான் கேட்பவருக்கு அவ்வளவு எரிந்தது.

“தம்பி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா உங்க பிரச்சினை தண்ணி. எங்க பிரச்சினை வாக்கியம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. தண்ணி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். ஒரு நல்ல வாக்கியம் நிக்கும். இந்த மன்றம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நாங்க எந்தக் கருவியும் வேலை செய்யுதான்னு பாத்ததில்ல. பாத்திருந்தா இத்தனை கேடயம் வாங்கியிருக்க முடியுமா? சொல்லுங்க. இப்ப கையெழுத்தைப் போடுங்க, அதிகாரி வர்ற நேரம்.”

சலவைக் கடைக்காரர் சண்டை போடத் தெரியாதவர். ஆனால் கையெழுத்துப் போடாமல் இருப்பதற்குச் சண்டை தெரிய வேண்டியதில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

“அந்த வாக்கியத்தை மாத்துங்க. போடறேன்.”

மன்றத்துக்கு இது புதிது. ஓய்வுபெற்ற துணை ஆணையர் இருபத்தைந்து ஆண்டுகள் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். தலைவர் கெஞ்சினார், மிரட்டினார், இன்னொரு தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் தள்ளினார். வாசலில் அதிகாரியை வரவேற்கக் கம்பளம் விரிக்கும் ஓசை கேட்டது.

“சொல் கூடக்கூடாது. அப்படி என்ன எழுதணும்ங்கறீங்க?”

“குழாயைத் திறன்னு எழுதுங்க.”

மதிப்பெண் அலுவலர் விரல்விட்டு எண்ணினார். “ரெண்டே சொல்தாங்க. எழுத்தும் கூட இல்ல.” பிறகு சம்பந்தியிடம் கொடுத்துப் பார்த்தார். அது, ‘மிகத் தெளிவாகப் புரிந்தது. இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை’ என்றது. “தொண்ணூத்தி எட்டுங்க! ஒண்ணு ஏறியிருக்கு!”

“இதைத்தான் நான் காலையில இருந்து சொல்லிட்டிருக்கேன்” என்றார் தலைவர்.

விளக்கம் மாறியது, கையெழுத்து விழுந்தது. திரையில் மாப்பிள்ளையின் பதில் வந்தது: ‘குழாய் திறக்கப்பட்டது.’ சுவருக்குள் எங்கோ ஒரு பெரிய ஏப்பம் கேட்டது.

எவ்வளவு திறக்க வேண்டும், எதுவரை திறந்து வைக்க வேண்டும் என்று விளக்கத்தில் இல்லை. மாப்பிள்ளை முழுக்கத் திறந்தது. ஒரு வாரமாகத் தொட்டியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் முதலில் கண்ட வழியில் பாய்ந்தது. அந்த வழி மன்றத்தின் தகுதிக்கு ஏற்ற வழியாக இருந்தது. மொட்டை மாடித் தொட்டி சற்று நேரத்திலேயே நிரம்பி வழிந்து, மாடிப்படியில் இறங்கி, சலவைக்கல் தரையில் பரவி, கூட்டத்தைக் காண வந்தவர்களின் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்துப் போனது. கம்பெனி அதிகாரியின் கார் வாசல்வரை வந்து, கம்பளம் மிதந்து வருவதைக் கண்டு, வந்த வழியே திரும்பிவிட்டது.

சலவைக் கடைக்காரர் மனைவிக்குப் போன் செய்தார். “தண்ணி வருதா?”

“குழாய் இருமறதைக்கூட நிறுத்திடுச்சு.”

அவர் கூடத்தைப் பார்த்தார். கணுக்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர், கண்ணாடி போல. சலவைக்காரர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. “துணியெல்லாம் வண்டியில ஏத்திட்டு மன்றத்துக்கு வா” என்றார். “தொட்டிக்குப் பக்கத்துக் கட்டடம். சீக்கிரம் வா.”

மேடை மட்டும் உலர்ந்திருந்தது. அங்கே அவசரக் கூட்டம் நடந்தது. தலைவர் கத்தினார், “மூடச் சொல்லுங்க!”

மதிப்பெண் அலுவலர் தட்டினார். திரை பணிவோடு பதில் தந்தது: ‘மன்னிக்கவும். அந்தச் சொல் கண்ணியக் குறைவானது என்று இன்று காலை மன்றம் தீர்மானித்துள்ளது. தகுந்த சொல் வரும்வரை காத்திருக்கிறேன்.’

“மூடித் தொலைன்னு போடுங்க!”

‘கண்ணியம் இன்னும் குறைந்துவிட்டது’ என்றது திரை.

“குழாய்க்கு ஓய்வு கொடுன்னு சொல்லிப் பாக்கலாமே” என்றார் கண்ணிய உறுப்பினர்.

‘குழாய்க்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அதன் நீண்ட சேவையைப் பாராட்டி மடல் அனுப்பியுள்ளேன்.’ தண்ணீர் முதல் படியைத் தொட்டது.

“பழையபடி ‘தண்ணீரை விடு’ன்னே போட்டுடுங்களேன்!” என்றார் தலைவர். “அப்பதான் நிம்மதியா இருந்துச்சு!”

“முடியாதுங்க. அது தொண்ணூத்தி ஏழு. இது தொண்ணூத்தி எட்டு. அதிகம் வாங்கின விளக்கத்தை எடுத்துட்டுக் குறைஞ்சதை வைக்க விதியில இடமில்ல.”

“யார் போட்ட விதி?”

“நீங்கதாங்க.”

அதற்குள் வண்டி வந்துவிட்டது. சலவைக் கடைக்காரரின் மனைவி வாசலில் ஒரு கணம்தான் நின்றாள். இவ்வளவு பெரிய, இவ்வளவு வழவழப்பான அலசும் தொட்டியை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் கட்டைப் பிரித்தாள். ஊறி விறைத்த விரிப்பு தண்ணீர் பட்டதும் இளகி விரிந்தது. ஒரு வாரத்துச் சோப்பு பால் போலக் கரைந்து வாசலை நோக்கி ஓடியது. அவர் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். அலசிய விரிப்புகளை, அதிகாரி கொடுப்பதற்காகக் கேடயத்தை முன்கூட்டியே வைத்திருந்த நீள மேசையில் அடுக்கினார்கள். கேடயத்தைக் கீழே வைத்தாள், அது மிதக்கவில்லை.

“இங்க துணி துவைக்கக் கூடாது!” என்று மேடையிலிருந்து சத்தம் வந்தது.

“துவைக்கலைங்க. அலசறோம்” என்றாள் அவள்.

கட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தண்ணீர் மேடையின் கடைசிப் படிக்கு ஏறியது. மன்றத்தார் நாற்காலிகள்மேல் ஏறி நின்றார்கள். அப்போதுதான் மதிப்பெண் அலுவலருக்கு முற்றத்துச் சக்கரம் ஞாபகம் வந்தது. எல்லோரும் சன்னல் வழியாக அதைப் பார்த்தார்கள்.

“அதைத் திருப்பினா இந்தக் குழாய் அடைபடும் இல்ல?” என்றார் தலைவர்.

“எந்தப் பக்கம் திருப்பணும்னு பலகையில விளக்கம் இல்லைங்க” என்றார் அலுவலர். “விளக்கமில்லாத கருவியை மன்றத்து உறுப்பினர் தொடக்கூடாது.”

“சாதாரணர் தொடலாமா?”

அலுவலர் யோசித்தார். “சாதாரணரைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல.”

தலைவர் நாற்காலிமேல் நின்றபடியே கும்பிட்டார். ஜிப்பாவின் நுனி நனைந்துகொண்டிருந்தது.

“தம்பி, நீங்கதான் இந்த ஊரோட சாதாரணர். ஆபத்துக்குப் பாவமில்ல. போய் அந்தச் சக்கரத்தைத் திருப்புங்க. திருப்பினா ஊருக்கும் தண்ணி போகும், புண்ணியம் உங்களுக்கு. ஆனா ஒரு விஷயம், மூடினதா நாம பதிவு பண்ண முடியாது. ‘நீரோட்டத்துக்கு நிறைவு அளித்தல்’னு வச்சுக்கலாம்...”

“நிறைவுன்னா சாவுன்னு ஒரு அர்த்தம் வருதே” என்றார் பக்கத்து நாற்காலியில் நின்ற கண்ணிய உறுப்பினர். “‘ஓட்டத்தைச் சாந்தப்படுத்து’ன்னா?”

“அதுல மூணு மதிப்பெண் போகுங்க” என்றார் அலுவலர்.

“மூணுதானே? கண்ணியத்துல எட்டு ஏறுமே? சம்பந்தியைக் கேளுங்க. அதுக்குள்ள தம்பி, நீங்க போங்க. ஆனா திருப்பறதுக்கு முன்னாடி விளக்கத்துக்குக் காத்திருங்க...”

சலவைக் கடைக்காரர் கையில் பிடித்த விரிப்போடு முற்றத்தைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். “என்ன சொல்ற? போய் மூடிடட்டுமா?”

அவள் தலைநிமிரவில்லை. விரிப்பைப் பலமாக ஒரு முறுக்கு முறுக்கினாள்.

“இப்ப மூடினா நம்ம கடைக்கோடித் தெருவுக்குத் தண்ணி வந்து சேர ராத்திரி ஆயிடும். பிள்ளை பெத்தவங்க காத்திட்டிருக்காங்க. இன்னும் ரெண்டு கட்டுதான், அலசிட்டுப் போய்க் குழாயை மூடுங்க.”

மேடையில் சாந்தப்படுத்துவதா, நிறைவு அளிப்பதா என்று வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

“முதல்ல அவங்களை மூடச் சொல்லுங்க.”